சூடு தாங்காத பெட்டி

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய ரேடியோ கடையை இடித்தபோது கல் சுமக்கப் போன ஜேசன், குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து அண்ணியின் முன்னால் வைத்தான். ஜெசிந்தினி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து தொங்கியது. கொழுந்து கிள்ளிய விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. காலில் அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், டின்னைப் பார்த்ததும் காலை மறந்துவிட்டாள்.

"என்னடா இது?"

"தொறந்து பாருங்க அண்ணி. ஒங்களுக்குப் புடிச்ச சாமான்."

உள்ளே முந்நூறோ நானூறோ பழைய ட்ரான்ஸிஸ்டர்கள் கிடந்தன. சின்னத் தகரத் தொப்பி போட்டவை, கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடிக் குப்பி போன்றவை, எல்லாவற்றுக்கும் மெல்லிய மூன்று கால். சிலிக்கன் வருவதற்கு முன் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த, இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான்.

அடுப்படியிலிருந்து றோசாலி எட்டிப் பார்த்தாள். "குப்பையெல்லாம் சுமந்துட்டு வந்து சோத்துப் பானைக்குப் பக்கத்துல கொட்டுங்க. மூத்தவன் பாட்டுக்குப் போயி நாலு பேரு முன்னால நிக்கிறான். நீ அண்ணிக்கு எடுபிடி வேல பாரு."

"அவன் நிக்கிறதுக்குத்தான் அம்மா இது" என்றான் ஜேசன்.

தெமோதரைக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் அந்தக் குடும்பத்தின் நாலு பேரும் இருந்தார்கள். மூத்தவன் சஜீவன், ரஜீவின் 'மலைச்சாரல்' பாண்டில் முன்னணி கிட்டார் வாசிப்பவன். இளையவன் ஜேசன் அதே பாண்டில் அண்ணனுக்குப் பின்னால் நின்று பேஸ் கிட்டார் பிடிப்பான். பாட்டு இல்லாத நாளில் கிடைத்த கூலிக்குப் போவான். தாய் றோசாலி கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். ஜெசிந்தினி மூத்தவனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு கட்டுநாயக்காவில் ஒரு தொழிற்சாலையில், சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் வைத்தவள். ஹொஸ்டலில் நடந்த கிறிஸ்து பிறப்பு நத்தார் விழாவில் சஜீவன் வாசித்ததைக் கேட்டு அவன் பின்னால் மலைக்கு வந்தாள். வந்த மறுமாதமே, கொழுந்தெடுக்கிறவர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவள் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

சஜீவனுக்கு ஒரு குறை இருந்தது. வெளியூர் பாண்டுகளின் கிட்டார் சத்தம் கிழிந்து, கரகரத்து, நீண்டு ஒலித்தது. அதற்கான, காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட் பெட்டிகள் கொழும்பில் விற்ற விலைக்கு அவன் கிட்டாரையே இன்னொன்று வாங்கலாம். "நான் செஞ்சு தாறேன்" என்று ஜெசிந்தினி சொன்னபோது சிரித்தான். போனில் வரைபடம் பார்த்து, சாப்பாட்டுத் தகரப் பெட்டி ஒன்றுக்குள் புது ட்ரான்ஸிஸ்டர் வைத்துச் செய்தும் கொடுத்தாள். "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு" என்று தூக்கிப்போட்டான்.

அதனால்தான் அந்த டின்னை அவள் மடியில் வைத்துக்கொண்டு எழும்பாமல் இருந்தாள். ஒவ்வொன்றாக மீட்டரில் குத்திப் பார்த்தாள். உள்ளே வரும் சத்தத்தை எத்தனை மடங்காக்கித் திருப்பித் தரும் என்று மீட்டர் சொல்லும். புதுசுகள் இருநூறு, முந்நூறு என்று காட்டும். இவை முப்பது காட்டின, நாற்பது காட்டின. சிலது இருபதைத் தாண்டவில்லை.

"சரி வராதா அண்ணி?" என்றான் ஜேசன்.

"வீக்கு. ரேடியோக்காரன் அதான் ஒதுக்கி வச்சிருக்கான்." அவள் இரண்டை எடுத்து ஒன்றின் காலை மற்றதன் காலோடு பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணு தனியா தூக்காது. இது தூக்கிக் குடுத்தத அது வாங்கித் தூக்குனா?"

ஈயம் உருக்கச் சோல்டர் அயனைச் சொருகினாள். ஈயப் புகையும் ரொட்டி கருகும் மணமும் ஒன்றாக எழுந்தன. ஜேசன் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தட்டில் போட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் காய்ந்துபோக, றோசாலி திட்டிக்கொண்டே மூடி வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அண்ணன் இல்லாத நேரம் ஜேசன்தான் அதை முதலில் வாசித்துப் பார்த்தான். சத்தம் தூங்கி எழுந்தவன் தொண்டை மாதிரி கரகரத்து வந்தது. கிட்டாரின் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு அடங்கி, கழுவிவிட்ட மாதிரி தெளிந்தது. மெதுவாகத் தொட்டால் பேசியது. அழுத்தினால் கத்தியது. வலுவுள்ள புதுச் சாமானில் இந்த ஏற்ற இறக்கம் வந்ததே இல்லை. றோசாலி அரிசி களைவதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்டாள். பக்கத்துக் காம்பரா பெரியாயி குளித்த தலையைத் துவட்டிக்கொண்டே வந்து இஸ்தோப்புத் திண்ணையில் குந்திவிட்டாள்.

"என்னாடா இது, மனுசன் அழுற மாதிரி இருக்கு."

ஜெசிந்தினி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நெடுநாளுக்குப் பிறகு தன் கை ஒரு வேலையைச் செய்திருக்கிறது என்று இருந்தது அவளுக்கு.

சஜீவன் வந்து வாசித்தான். முகம் மாறியது. "இது ஆகும்" என்றான்.

அந்தப் பெட்டியோடு மலைச்சாரலுக்குப் பேர் வந்தது. பசறையில் கல்யாணம், ஹாலிஎலயில் பிறந்தநாள், வெலிமடையில் கோயில் திருவிழா. எங்கே போனாலும் கிட்டார் சத்தத்தைத்தான் சொன்னார்கள். பெட்டி எங்கே வாங்கியது என்று கேட்டவர்களிடம் சஜீவன், கொழும்பில் ஒரு கூட்டாளி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தது என்று சொல்லிவைத்திருந்தான். ஜெசிந்தினி அதைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிறர் வாயால் கேட்டாள்.

ஆடி மாதம் மட்டக்களப்பில் பாண்டுகளுக்குள் ஒரு போட்டி வந்தது. பகல் முழுக்கத் திறந்த மைதானத்தில் நடக்கிற போட்டி. அதைப் பேச ரஜீவ் தன் வேனில் இரண்டு பையன்களோடு லயத்துக்கு வந்தான். ஜெசிந்தினிக்கு அந்த வாரம் முழுக்க ஒரு யோசனை உறுத்திக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த பெட்டியை ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தாள். எடுத்து வாசித்தபோது சத்தம் இருமி, சுருங்கி, செத்துப்போனது. ஆறியதும் திரும்பி வந்தது. பழைய ஜெர்மானியம் சூட்டில் உள்ளுக்குள்ளே கசியும். இரண்டைப் பிணைத்திருந்ததால் ஒன்றின் கசிவை மற்றது பெருக்கிக்கொண்டது. தெமோதரைக் குளிரில் அது தெரியவில்லை.

சஜீவனிடம் தனியாகச் சொன்னாள். "அங்க இப்ப அனல் மாதிரி கச்சான் காத்து அடிக்கும்ங்க. இது செத்துரும். ரெண்டு நாளு குடுங்க, உள்ளுக்கு மாத்தித் தாறேன்."

"நல்லா இருக்கிறத நோண்டாத."

ரஜீவ் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் வாயைத் திறந்தாள். "ரஜீவ் அண்ணே, அந்தப் பொட்டி சூடு தாங்காது. மட்டக்களப்புக்குக் கொண்டு போறதுன்னா..."

சஜீவன் வெட்டினான். "இவளுக்கு என்னா தெரியும்? பொட்டி கொழும்புல இருந்து வந்தது. இவ அதுக்குத் தூசி தட்டுறவ. ஒருநாள் தூசி தட்டிட்டு இஞ்சினியர் மாதிரி பேசுறா."

பையன்கள் சிரித்தார்கள். ரஜீவும் சிரித்தான். "அக்கா, ஒரு ரொட்டி சுட்டுக் குடுங்களேன், அது ஒங்களுக்கு நல்லா வரும்."

"கேட்டுச்சா? குசினிக்குப் போ" என்றான் சஜீவன்.

ஜெசிந்தினி ஜேசனைப் பார்த்தாள். யார் செய்தது என்று சஜீவனைத் தவிர அந்த இடத்தில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் தலையைக் குனிந்து பேஸ் கிட்டாரின் தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய் மாவு பிசைந்தாள். ரொட்டி சுட்டாள். எல்லாருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

போகிற அன்று விடியலில், வேனில் சாமான் ஏற்றும்போது ஜேசன் மட்டும் அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணி, நெசமாவே தாங்காதா அது? சொல்லுங்க. நான் ரஜீவ் அண்ணன்கிட்ட சொல்லி வேற பொட்டி எரவல் வாங்கச் சொல்றேன்."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊர் முன்னால் ஒரே ஒரு தரம் தன்னைக் கட்டிய அந்த ஆள் தலை குனியட்டும் என்று மனதுக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"தாங்கும். நான் சும்மா பயந்துட்டேன். போ."

"நெசமா?"

"போடா, வேன் நிக்குது."

நடுப்பகலில் ஜெசிந்தினியும் பெரியாயியும் மலையில் ஒரு சவுக்கு மர நிழலில் சாப்பாட்டை அவிழ்த்துவைத்துக்கொண்டு, போனில் போட்டியைப் பார்த்தார்கள். யாரோ மைதானத்திலிருந்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் படத்தையே வெளுத்திருந்தது. மலைச்சாரல் மேடைக்கு வந்தது. முதல் பாட்டில் கிட்டார் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதின் நடுவில் சஜீவன் முன்னால் வந்து, கண்ணை மூடி, தனி வாசிப்புக்குக் கையை ஓங்கினான். சத்தம் ஒரு தரம் துப்பியது. பிறகு கறகறவென்று அறுந்து அறுந்து வந்து நின்றுபோனது. அவன் பெட்டியை மிதித்தான். மறுபடியும் மிதித்தான். கூட்டம் கூ என்று கத்த ஆரம்பித்தது. ஜேசன் பேஸைத் தோளில் தொங்கவிட்டபடி மண்டியிட்டு வயர்களை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். சஜீவன் அவன் விலாவில் காலால் ஒரு எத்து விட்டான். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் சிரித்தது.

"அடப்பாவமே" என்றாள் பெரியாயி. திரும்பிப் பார்த்தவள், "என்னடி, நீ சிரிக்கிற?"

ஜெசிந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் பின்னேரம் அவர்கள் திரும்பி வந்தபோது மழை பிடித்திருந்தது. சஜீவன் வேனிலிருந்து இறங்கிய கையோடு தம்பியின் சட்டையைப் பிடித்து லயத்து வாசலுக்கு இழுத்தான். சத்தம் கேட்டு எல்லாக் காம்பராவிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"வயர கழட்டி விட்டவன் இவன்தான்! கூடப் பொறந்தவன் பேரு எடுக்கிறான்னு பொறாம!"

"சத்தியமா இல்லண்ணே. நான் கை வைக்கவே இல்ல. அதுவா நின்னுச்சு..."

"அதுவா நிக்குமா? இத்தன நாளு நின்னுச்சா?"

பெல்ட்டைக் கழற்றி அடித்தான். முதுகில் அடித்தான், கையால் மறைத்தபோது கையில் அடித்தான். ஜேசன் திருப்பிக் கையோங்கவில்லை. சேற்றில் விழுந்து கிடந்தவன் தலையைத் தூக்கி இஸ்தோப்பில் நின்ற ஜெசிந்தினியைப் பார்த்தான். மேடையில் என்ன நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நாக்கு அசையவில்லை. பெல்ட் தன் பக்கம் திரும்பும் என்ற பயம் ஒன்று. அன்றைக்கு நீ வாய் திறந்தாயா என்ற கறுவலும் இன்னும் மீதம் இருந்தது.

றோசாலி உள்ளே போய் இளையவனின் உடுப்பை ஒரு பேக்கில் திணித்துக் கொண்டுவந்து மழையில் போட்டாள். "அண்ணன் பொழப்புல மண்ண போட்டவன் இங்க இருக்க வேணாம். போ."

"எங்கம்மா போவேன்?"

"போற எடத்துக்குப் போ."

பேக்கைத் தூக்கிக்கொண்டு அவன் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் போனான். பேஸ் கிட்டாரை சஜீவன் கொடுக்கவில்லை.

வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறான் என்று பிறகு தகவல் வந்தது. லயத்தில் அவன் பேச்சை எடுப்பதில்லை. ஜெசிந்தினி மட்டும், ஈர மலையில் தேயிலை நிரை பிடித்துக் கிள்ளிப் போகும்போது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு என்று தள்ளிவிடுவாள். மார்கழிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பெரியாயி வந்து காதில் சொன்னாள்.

"ஜேசனுக்குக் கை போச்சாம்டி. லொறிக் கதவுக்கும் கிழங்கு மூட்டைக்கும் நடுவுல. ரெண்டு விரல எடுத்துட்டாங்களாம்."

"எந்தக் கை?"

"இடது கைன்னாங்க."

ஜெசிந்தினி மறுநாள் பூசைக்கென்று கிளம்பி வெலிமடை பஸ் ஏறினாள். மரக்கறி மொத்தக் கடைக்குப் பின்னால், லீக்ஸ் வெங்காயத் தாள் அழுகும் வாடையில், தகரம் அடித்த ஒரு அறையில் அவன் இருந்தான். ஒற்றைக் கையால் மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தான். தந்திகளை அழுத்துகிற கை துணிக்கட்டாக மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழும்பினான்.

"வாங்க அண்ணி. குந்துங்க. அம்மா சொகமா?"

அவள் குந்தவில்லை. நின்றபடியே சொன்னாள். சூட்டில்தான் பெட்டி செத்தது, வயரால் இல்லை, எனக்குத் தெரியும் என்று சொன்னாள்.

அவன் அடுப்புத் திரியைக் குறைத்தான். வெளியே லொறி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

"நான் கேட்டப்ப தாங்கும்னு சொன்னீங்க."

"ஆமா."

"தெரிஞ்சுகிட்டேவா?"

"ஆமா."

"ரஜீவ் அண்ணன் வந்த அன்னைக்கு நான் பேசாம இருந்ததுக்கா?"

அவள் அவன் கைத் துணிக்கட்டைப் பார்த்தாள். அவன் தேத்தண்ணியை ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள். குடித்தாள். சீனி கூடுதலாக இருந்தது, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"இனிமே இங்க வராதீங்க அண்ணி" என்றான், கோபம் இல்லாத குரலில். பிறகு மூலையிலிருந்து ஒரு பை லீக்ஸை எடுத்துக் கொடுத்தான். "அம்மாக்கு லீக்ஸ் புடிக்கும். நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் பையை அடுப்படியில் வைத்துவிட்டு நேரே சஜீவனிடம் போனாள். அவன் கிட்டாருக்குப் புதுத் தந்தி கட்டிக்கொண்டிருந்தான். அடித்தால் அடிக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஜேசன் வந்து கேட்டதையும், தான் பொய் சொல்லி அனுப்பியதையும் சொன்னாள்.

அவன் தந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தான். "தெரியும்."

"என்னா தெரியும்?"

"சூட்டுல செத்துச்சுன்னு. நீதான முந்தியே சொன்ன. வேன்ல சோடா வச்ச ஐஸ் பொட்டி மேல அத வச்சேன். மட்டக்களப்புக்குக் கிட்ட, செங்கலடியில வேன் நின்னப்ப போட்டுப் பாத்தேன். நல்லா பேசுச்சு. மேடை வெயில்லதான் போச்சு."

ஜெசிந்தினி ஒரு அடி கிட்ட வந்தாள். "அப்புறம் எதுக்கு அவன அந்த அடி அடிச்சீங்க?"

"வேன்ல திரும்பி வர்றப்ப ரஜீவ் என்னா சொன்னான் தெரியுமா? தம்பிய முன்னால விடு, நீ பேஸ் புடின்னான். நீயும் அம்மாவும் நான் இல்லாதப்ப அவன்கிட்ட குடுத்து வாசிக்க வச்சுக் கேட்டீங்கல்ல, எனக்குத் தெரியாதா? ஒரு பாண்டுக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

"அவன் ஒங்க தம்பிங்க. விரல் போயி கெடக்கிறான்."

"நானா லொறிக் கதவ சாத்தினேன்?" அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "நான் அடிச்சேன், சரி. நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன? இப்ப அழுது என்னா? மாசி மாசம் திருகோணமலையில பாட்டு இருக்கு. சூடு தாங்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. அந்தப் பழைய சத்தம் மாறக்கூடாது."

"செய்ய மாட்டேன்."

"செய்வ" என்றான் அவன். கோபப்படக்கூட இல்லை.

அவள் அடுப்படிக்குப் போனாள். றோசாலி லீக்ஸைக் கழுவி அரிந்துகொண்டிருந்தாள்.

"அத்த, ஜேசன் வயர கழட்டல. பொட்டிதான் சூட்டுல நின்னுச்சு. எனக்குத் தெரியும், நான்தான் மறைச்சேன். ஒங்க மூத்த மகனுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சாரு."

றோசாலியின் கத்தி நின்றது. கையிலிருந்த வெள்ளைத் தண்டைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அரிய ஆரம்பித்தாள்.

"இப்ப வந்து ஏன் சொல்ற?"

"சொல்லணும்னு..."

"சொல்லி ஒன் நெஞ்சு ஆறிரும். போன விரலு வருமா? கை இல்லாதவன கூட்டியாந்து என்னா செய்ய? இருக்கிறவன் ஒருத்தன்தான் கைய நம்பி நிக்கிறான். அவன் கேட்டத செஞ்சு குடு. இந்தப் பேச்ச இதோட விடு." பாத்திரத்தைத் தள்ளினாள். "மஞ்சத்தூள எடு."

ஜெசிந்தினி பத்து நாளைக்குச் சோல்டர் அயனைத் தொடவில்லை. வீட்டில் ஒருவரும் அவளோடு பேசவுமில்லை. சோறு வைத்தால் தின்றார்கள், வைக்காவிட்டால் றோசாலி எழுந்து சமைத்தாள். ஒருநாள் கடும் மழையில் மலைக்குப் போகாமல் நின்றவள், தன்னையறியாமல் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். மனம் மறுத்தாலும் கை தன் பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வீக்கானவற்றைப் பிணைத்ததில்தான் கேடு. முன்னால் சூட்டுக்கு அசையாத புது சிலிக்கன் ஒன்று தூக்கிக் கொடுக்கட்டும். பின்னால் பழையது ஒன்றே ஒன்று, இருப்பதிலேயே கசிவு குறைந்ததாக, சத்தத்தைக் கரகரக்க வைத்தால் போதும். அதற்கு வலு தேவையில்லை. முப்பது காட்டுகிறவற்றில் தேடித் தேடி ஒன்றை எடுத்தாள். வைத்து முடித்து, பெட்டியை அடுப்புக் கல்லில் சூடேற்றிப் பார்த்தாள். வாசித்துப் பார்க்க ஆள் இல்லை. தானே தந்தியைத் தட்டினாள். சத்தம் சாகாமல் நின்று ஒலித்தது.

பின்னேரம் சஜீவன் வந்து பெட்டியைக் கண்டான். ஒன்றும் பேசாமல் எடுத்துப் போய் இஸ்தோப்பில் வைத்துக் கிட்டாரைச் சொருகினான். அவள் செய்ததிலேயே அதுதான் நல்ல பெட்டி. மெதுவாகத் தொட்டபோது பேசியது. அழுத்தியபோது கத்தியது. குமிழைக் குறைத்ததும் கரகரப்பு அடங்கி, மழை விட்ட லயத்து வாசல் நெடுக அந்தச் சத்தம் தெளிந்து போனது.

அடுப்படியில் ஏதோ உருண்டு விழுந்தது. றோசாலி ஓடி வந்தாள். கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டியது. ஜெசிந்தினியைத் தோளால் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், ஆவலாக எட்டிப் பார்த்தாள். கிட்டாரைப் பார்த்தாள், பிறகு வாசிக்கிற மூத்தவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே வடிந்தது.

சஜீவன் கையை நிறுத்தினான். "என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் றோசாலி. "நீ வாசி."